டாக்சிக்கு எண்பது, கோலாவுக்கு இருபது

முதலில் டாக்சிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் வயிற்றெரிச்சல் அடங்கும். நான் கிளம்பியது ஆஸ்திரேலியாவின் போர்ட் மக்வாரி ஊரில் உள்ள கோலா ஆஸ்பத்திரியைப் பார்க்க; கோலா என்றால் குடிக்கிற பானம் இல்லை, கரடிக்குட்டி மாதிரி இருக்கும், மரத்தில் வாழும் விலங்கு. சிட்னியிலிருந்து அந்த ஊருக்கு ரயில் நேராகப் போகாது. சுமார் இருபது கிலோமீட்டர் முன்பே, வார்ஹோப் என்ற சின்ன ஸ்டேஷனில் இறக்கிவிடும். ரயிலுக்காகக் காத்து நிற்கும் பஸ்ஸை, கழிப்பறைக்குப் போன நேரத்தில் கோட்டைவிட்டேன். வந்த டாக்சிக்காரர் மீட்டர் பக்கமே கையைக் கொண்டுபோகாமல் எண்பது டாலர் என்றார். ரூபாயில் நாலாயிரத்துச் சொச்சம்! வெளிநாட்டில் மனக்கணக்குப் போடவே கூடாது.

அந்தக் கடுப்போடுதான் கோலா ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். நுழைவுச்சீட்டு கேட்க ஆளில்லை, உண்டியல் மட்டும்தான். 1973-ல் ஜீன், மேக்ஸ் ஸ்டார் தம்பதி தொடங்கியது. இன்றும் பெரும்பாலான வேலைகளைச் செய்வது ஊர்க்காரத் தன்னார்வலர்கள்.

செலவு, நேரம், தங்குமிடம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அங்கே பார்த்த ஒரு கிழட்டுக் கோலா குறுக்கே வருகிறது. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. பாட்டி வயதுத் தன்னார்வலர் ஒருவர் ஊசியில்லாத சிரிஞ்சில் கஞ்சி மாதிரி எதையோ வாயோரம் வைக்க, அது கண்ணை மூடிக்கொண்டு சப்பியது. தாடையில் வழிந்ததை அவர் துணியால் துடைத்தார். அப்புறம் இலைக்கொத்து. முதல் மூன்று இலைகளை மோந்து பார்த்துத் தள்ளிவிட்டது, நாலாவதுதான் பிடித்தது. நமக்கு எல்லாமே ஒரே தைலமர வாசம்! ஒரு கோலா தினமும் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தின்னும், அதுவும் பறித்த வாட்டம் தெரியாமல் இருக்க வேண்டும். அதனால் இலை வெட்டப் போவதற்கென்றே தினமும் ஆட்கள்.

பெயர் வைக்கிற முறைதான் என்னை மயக்கியது. கிடைத்த இடம் முதலில், வைத்த பெயர் பிறகு; நம்மவர்கள் ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொள்வது போல. 2019 காட்டுத்தீயில் ஒரு பெண்மணி தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தித் தூக்கி வந்த கோலா, எல்லன்பரோ லூயிஸ். அது பிழைக்கவில்லை. அந்தத் தீயின்போது காட்டில் தண்ணீர்த்தொட்டி வைக்க ஆஸ்பத்திரிக்காரர்கள் இணையத்தில் கேட்டது 25,000 டாலர். வந்து குவிந்தது 70 லட்சத்துக்கும் மேல்.

தீ மட்டுமா? கார் மோதி, நாய் கடித்து, கிளமிடியா என்ற பாக்டீரியாத் தொற்றில் கண்ணும் சிறுநீர்ப்பையும் கெட்டு, வந்துகொண்டே இருக்கின்றன. 2022-ல் இந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கோலாக்களை அழியும் ஆபத்தில் உள்ளவை என்று அறிவித்தார்கள். குணமானதைத் திரும்ப விடக் காடு வேண்டுமே. அதை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரி என்ன செய்யும்?

என் பக்கத்தில் நின்ற ஒருவர் தூக்கி வைத்துப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். இந்த மாநிலத்தில் பார்வையாளர்கள் கோலாவைத் தூக்கச் சட்டமே அனுமதிக்காது என்று அந்தப் பாட்டி முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

உண்டியலில் இருபது டாலர் போட்டேன். டாக்சிக்காரருக்குக் கொடுத்ததில் கால்வாசி, வெட்கமாகத்தான் இருந்தது. திரும்பும்போது பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய் நின்றுவிட்டேன்.