எழுத்து அசையாமல் நின்றது

இடது உட்காதின் சமநிலை நரம்பில் ஏற்பட்ட அழற்சியால் நான் படுக்கையில் விழுந்து இன்றோடு 14 மாதங்கள் ஆகின்றன. முதல் சில நாட்கள் அறையே சுழன்றது; அது அடங்கிய பிறகும், படகில் நிற்பதைப் போன்ற ஓர் ஆட்டம் மட்டும் என்னை விட்டு அகலவில்லை. பார்ப்பவர்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதுதான் இந்த நோயின் பெரிய வேதனை.

ஒவ்வொரு காதிலும் உள்ள 3 அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம், தலை திரும்பும்போதெல்லாம் அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்ப உதவுகிறது. ஒரு பக்கத்துச் செய்தி குறைந்துபோனால், மறு காதும் கண்ணும் பாதமும் தருவதைக் கொண்டு மூளை புதுக் கணக்குப் போடப் பழக வேண்டும். அசையாமல் படுத்திருந்தால் அந்தப் பழக்கம் வராது என்று இயன்முறை மருத்துவர் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. தலைசுற்றலுக்கு மருந்தாகத் தலையை அசைக்கச் சொன்னால் யார்தான் உடனே ஏற்பார்கள்?

சுவரில் ஒட்டிய 'க' என்ற எழுத்தில் பார்வையை நிறுத்தி, தலையை இடமும் வலமுமாக ஒரு நிமிடம் திருப்புவதே என் தினசரிப் பயிற்சி. தொடக்கத்தில் பத்து நொடிக்குள் எழுத்து கலங்கும், குமட்டும். நேற்று அதன் கீழ்வளைவுகூடக் கலையாமல் நிமிடம் முழுவதும் நின்றது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தூக்கம் கெட்ட நாட்களில் ஆட்டம் திரும்புகிறது என்றாலும், முன்பு ஒரு வாரம் நீடித்தது இப்போது ஒரே நாளில் அடங்குவதை என் நாட்குறிப்பு காட்டுகிறது. அடுத்த வாரம் முதல் இதே பயிற்சியை நடந்துகொண்டே செய்யப் போகிறேன்.