பாட் கப்ராவ்: இலையை மாற்றினால் பெயரையும் மாற்றிவிடுங்கள்

பாட் கப்ராவ் என்பது கொத்துக்கறியைக் கப்ராவ் இலையோடு வதக்கும் தாய்லாந்து வறுவல். பினாங்கில் தாய்லாந்து உணவு விற்கும் தோம்யாம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கோழியிலோ மாட்டிறைச்சியிலோ செய்யப்படுவது. அவை ஹலால் கடைகள் என்பதால் பன்றிக்கறிக்கு அங்கே இடமில்லை. தென் தாய்லாந்தின் ஹாட்யாய் பக்கம் போய் வந்து, பன்றிக் கொத்துக்கறியில் செய்த அந்த வறுவலின் ருசி நாக்கில் தங்கிவிட்டவர்கள், சீனர் நடத்தும் தாய் உணவகத்தைத் தேடலாம்; இல்லையேல் வீட்டில் சமைக்கலாம். நான் சமைக்கும் கட்சி.

கடைகளின் மீது எனக்குள்ள குறை இறைச்சியைப் பற்றியதன்று, இலையைப் பற்றியது. பலர் இதில் ஹோரபாவைப் போட்டுவிடுகிறார்கள். அது நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம். சோம்பு மணம் வீசும். தேங்காய்ப்பால் ஊற்றிய தாய்ப் பச்சைக் குழம்புக்கு அருமையாகப் பொருந்தும். இந்த வறுவலுக்குப் பெயர் தந்த கப்ராவோ துளசி இனம். கிராம்புக்கு மணம் தருகிற அதே யூஜினால் இதிலும் இருப்பதால்தான், பூண்டும் மிளகாயும் பன்றிக் கொழுப்பும் சேர்ந்த காட்டத்துக்கு அது ஈடுகொடுக்கிறது. அதற்காக மாடத்தில் விளக்கேற்றி வணங்கும் துளசியைக் கிள்ளிப் பன்றிக்கறியில் போட யாருக்குத்தான் கை வரும்? கொல்லையில் தனித் தொட்டி ஒன்று வைத்துவிட்டால் பூசைக்கும் சமையலுக்கும் சண்டையில்லை.

இருவருக்கு 300 கிராம் கறி போதும். கொழுப்பு கொஞ்சம் கலந்த தோள்பட்டைக் கறியை வாங்கி, கத்தியால் கொத்திக்கொள்வது நல்லது. இயந்திரத்தில் மாவாக அரைத்த கறி குவாலியில் (குழிந்த வாணலியில்) கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். ஏழெட்டுப் பல் பூண்டையும் அதே அளவு சிலி பாடி எனும் காரமான குட்டி மிளகாயையும் கல்லில் ஒன்றிரண்டாக இடித்து, காய்ந்த எண்ணெயில் போட வேண்டும். நெடி மூக்கில் ஏறி வீடே இருமும். சன்னலை முன்னதாகவே திறந்துவைப்பது உத்தமம். பூண்டு சிவக்குமுன் கறியைச் சேர்த்து, பெருந்தீயில், மூடி போடாமல் வதக்க வேண்டும். முதலில் நீர் விட்டுக்கொண்டு சலசலவென்று கொதிக்கும். அந்த நீர் வற்றி, கொழுப்பு பிரிந்து, சத்தம் படபடவென்று மாறுகிற வரை பொறுத்தால்தான் கறியின் ஓரங்கள் முறுகும். அவசரப்பட்டு அதற்குமுன் சாஸ்களை ஊற்றினால் கிடைப்பது வறுவலன்று, குழம்பு.

பிறகு மீன் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, சிப்பி சாஸ் ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி, நிறத்துக்குக் கறுப்புச் சோயா சில துளிகள். உப்பு வேண்டாம். அடுப்பை அணைத்த பின்னரே இரண்டு கைப்பிடி இலையைக் கொட்டிப் புரட்ட வேண்டும். துளசியின் மணம் ஆவியோடு பறந்துவிடக்கூடியது என்பதால், இலை வாடுவதற்குக் குவாலியின் சூடே போதும்.

பயற்றங்காயும் வெங்காயமும் சேர்ப்போர் தாய்லாந்திலேயே உண்டு. அதைக் கண்டு கொதிப்போரும் அங்கேயே உண்டு. காய் விடும் நீர் வறுவலை நனைத்துவிடுகிறது என்பதால் நான் இரண்டாவது அணியில் இருக்கிறேன். ஆனால் முட்டை கட்டாயம்: நிறைய எண்ணெயில், வெள்ளைக்கரு ஓரத்தில் பழுப்பேறி மொறுமொறுக்க, மஞ்சள்கரு இளகியே இருக்கும்படி பொரித்து, சுடுசோற்றின் மேல் கறியோடு வைக்க வேண்டும். மீன் சாஸில் நறுக்கிய சிலி பாடியும் எலுமிச்சைச் சாறும் கலந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மறுநாள் சூடாக்கினால் இலை கறுத்து மணம் போய்விடும்; ஆகவே சமைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.