அதிகாரம் மாறியது, கோப்பு நின்றது

ஓர் அலுவலகத்தின் அதிகாரத்தை இன்னொன்றுக்கு மாற்ற ஓர் ஆணை போதும். அந்த ஆணைக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பதைச் சிறுதொழில் கடன் பிரிவில் வேலை பார்த்தபோது கிட்டத்திலிருந்து பார்த்தேன்.

கடனுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் எங்களிடம் வந்தது. நேரில் போய் ஆய்வு செய்கிறவர்கள் பழைய அலுவலகத்திலேயே இருந்துவிட்டார்கள். நிலுவைக் கோப்புகள் மட்டும் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. அதில் ஒரு பட்டறைக்காரரின் கோப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. இயந்திரத்துக்கான விலைப்புள்ளி இருந்தது. பட்டறையைப் பார்த்துவிட்டு வந்த அறிக்கை இருந்தது. குறிப்புத் தாளின் கடைசியில் ‘பரிந்துரைக்கலாம்’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே கையெழுத்து இல்லை. ஆணையில் நிலுவை விண்ணப்பங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாததால், எல்லாவற்றையும் புதிதாக வாங்கச் சொன்னார்கள். அதற்குள் விலைப்புள்ளியின் கெடு முடிந்துவிட்டது, இயந்திரத்தின் விலையும் ஏறிவிட்டது. பெரிய நிறுவனத்துக்கு இப்படி அலைவதற்கென்றே ஆள் உண்டு. இவர் எங்களைப் பார்க்க வந்தால் அன்று பட்டறை பூட்டித்தான் கிடக்கும்.

பரிந்துரை ஓரிடம், பணம் வேறிடம் என்ற இந்தச் சிக்கல் பழையது. அமெரிக்கா 1942-இல், போர்க்காலத்தில், சிறு ஆலைகளுக்குக் கடனும் ராணுவ ஒப்பந்தங்களில் பங்கும் வாங்கித் தர ஒரு தனிக் கழகத்தை அமைத்தது. 1945 டிசம்பரில் அதிபர் ட்ரூமன் பிறப்பித்த ஆணை அதன் பணிகளை அரசின் கடன் நிறுவனமான மறுகட்டமைப்பு நிதிக் கழகத்துக்கும் வணிகத் துறைக்குமாகப் பிரித்துக் கொடுத்தது. கொரியப் போர் வந்ததும் 1951-இல் சிறு ஆலைகளுக்கென்று மறுபடி ஓர் அமைப்பு தேவைப்பட்டது. ஆனால் அது கடனுக்குப் பரிந்துரைக்க மட்டுமே முடியும், பணம் நிதிக் கழகத்தின் கையில் இருந்தது. 1953-இல் சிறுதொழில் நிர்வாகம் உருவான பிறகுதான் கடனும் ஒப்பந்த உதவியும் மறுபடி ஒரே இடத்துக்கு வந்தன. அதுவும் முதலில் தற்காலிக அமைப்புதான், 1958-இல்தான் நிரந்தரமானது.

இதனால்தான், அதிகாரத்தை மாற்றும் எந்த வரைவு ஆணை மேசைக்கு வந்தாலும் நான் முதலில் மூன்றைத் தேடுவேன்: ஆட்களும் சேர்ந்து மாறுகிறார்களா, ஒதுக்கிய நிதி கூடவே வருகிறதா, முடிந்த ஆய்வு செல்லுமா. எங்கள் விஷயத்தில், பழைய ஆய்வு அறிக்கைகள் செல்லும் என்று பின்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. அது வருவதற்குள் பட்டறைக்காரர் வெளியே அதிக வட்டிக்குக் கடன் வாங்கி இயந்திரத்தை இறக்கிவிட்டார்.