பழைய பெல்ட்டை முதலில் கழற்றாதீர்கள்: எலெக்ட்ரிக் பைக்கில் பெல்ட், ஸ்ப்ராக்கெட் மாற்றிய அனுபவம்

எலெக்ட்ரிக் பைக்கில் எஞ்சின் சத்தம் கிடையாது. அதனால் வண்டியின் மற்ற எல்லாச் சத்தமும் காதில் விழும். நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் அழுத்தமாக முறுக்கினால் காலடியில் 'டக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றுமில்லை. பெட்ரோல் வண்டியாக இருந்தால் இதைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

மோட்டாரின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட், பல் தாண்டுகிறது என்பது ஊகிக்கக்கூடியதுதான். மின் மோட்டார் சுழலத் தொடங்கும் முன்பே முழு இழுவிசையையும் கொடுத்துவிடும், அதை முதலில் வாங்குவது முன்னால் மோட்டாரோடு இருக்கும் சின்ன ஸ்ப்ராக்கெட், அதாவது பெல்ட் ஓடும் பல் சக்கரம். என் வண்டியில் முன்னால் 20 பல், பின்னால் 90. பின்னால் அவ்வளவு பெரிய வட்டம் இருக்கும்போது, சின்னதைப் பெல்ட் அரை வட்டத்துக்கும் குறைவாகத்தான் சுற்றியிருக்கும். அதாவது எந்த நேரத்திலும் 10 பல்லுக்கும் குறைவாகவே பிடிப்பில் இருக்கும். பெல்ட் தளர்ந்தாலும் பல் தேய்ந்தாலும் முதலில் வழுக்குவது அங்கேதான்.

வெறும் தளர்ச்சி என்றால் இறுக்கிவிட்டுப் போயிருக்கலாம். கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது ஆசை போய்விட்டது. முன் ஸ்ப்ராக்கெட்டின் கறுப்புப் பூச்சு முழுக்கப் போய் அலுமினியம் பளபளவென்று தெரிந்தது. பல்லின் விளிம்பு நகத்தில் சுரண்டும் அளவுக்குக் கூர்மையாகியிருந்தது. பெல்ட்டில் ஓரிடத்தில் கல் குத்திய ஓட்டை, அதன் அருகே ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. பூச்சு போன அலுமினியத்தைத் தூசியும் மணலும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். அந்தச் சக்கரத்தில் புது பெல்ட்டைப் போட்டால் அதுவும் சீக்கிரமே வீணாகும். எனவே பெல்ட், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றுவது என்று முடிவு செய்தேன். பெல்ட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பல் எண்ணிக்கையை மாற்றலாமா என்றும் ஒரு சபலம் இருந்தது. முன்னால் 18 போட்டால் விகிதம் 4.5-லிருந்து 5 ஆகும். கிளம்பும்போது இழுவை கூடும், உச்ச வேகம் குறையும். ஆனால் சில வண்டிகள் மோட்டாரின் சுழற்சியிலிருந்தே வேகத்தைக் கணக்கிடுகின்றன. அவற்றில் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அதோடு பெல்ட்டில் ஏறக்குறைய அரைப் பல் இடைவெளி அளவுக்குப் பின் சக்கரத்தைப் பின்னால் தள்ள வேண்டிவரும், சக்கரத்தை முன்பின் நகர்த்தும் அட்ஜஸ்டரில் அதற்கு இடம் இருக்க வேண்டும். வேண்டாம் என்று பழைய கணக்கிலேயே வாங்கினேன்.

இந்த வேலையில் நான் மிக முக்கியம் என்று நினைப்பது இதைத்தான்: பழைய பெல்ட் மாட்டியிருக்கும்போதே முன் ஸ்ப்ராக்கெட்டின் நடு போல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும். பெரும்பாலான எலெக்ட்ரிக் பைக்குகளில் கியர் கிடையாது. கியரில் போட்டு மோட்டாரின் ஷாஃப்டைப் பிடித்துவைக்க வழியில்லை. பெல்ட்டைக் கழற்றிய பிறகு போல்ட்டில் ஸ்பேனரை வைத்தால் மோட்டாரும் கூடவே சுற்றும். பெல்ட் இருந்தால் பின் பிரேக்கே அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் தளர்ந்த பெல்ட், அவ்வளவு விசையில் பல் தாண்டிவிடும். அதனால் எப்படியும் தூக்கிப்போடப் போகிற அந்தப் பெல்ட்டை முதலில் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. ஸ்ப்ராக்கெட் வண்டியின் இடப்பக்கம் இருந்து, போல்ட்டும் வழக்கமான மரையாக இருந்தால், போல்ட் கழலும் திசையும் சக்கரம் முன்னே சுற்றும் திசையும் ஒன்றே. நீளமான கம்பியைப் போட்டு இழுத்தால் வண்டியே முன்னே நகரப் பார்க்கும். தம்பியை ஏறி உட்கார்ந்து பின் பிரேக்கை முழு பலத்தோடு பிடிக்கச் சொன்னேன். மரை இடதா வலதா என்பதைக் கையேட்டில் முன்னமே பார்த்துவைப்பது நல்லது. என்னுடைய போல்ட்டில், மரை கழலாமல் இருக்கப் போடும் பசையான த்ரெட் லாக்கர் கெட்டியாகப் பிடித்திருந்தது. ஹாட் ஏர் கன்னால் போல்ட்டின் தலையை மட்டும் சூடாக்கினேன்; பக்கத்தில் மோட்டாரின் ஆயில் சீல் இருப்பதால் காற்றை அந்தப் பக்கம் திருப்பவில்லை. தட்டித் தட்டித் திருகும் இம்பாக்ட் ரெஞ்சைத் தொடவே இல்லை. அதன் அடி நேராக மோட்டார் பேரிங்குக்குப் போகும், ஒரு போல்ட்டுக்காகப் பேரிங்கைப் பணயம் வைக்க மனம் வரவில்லை. பின் ஸ்ப்ராக்கெட்டின் போல்ட்டுகளையும் சக்கரம் வண்டியில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திக்கொண்டேன்.

இந்தப் பிரேக் பிடிக்கும் வேலைக்கு முன்பே சாவியை எடுத்து, சார்ஜர் செருகப்படவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். சத்தமில்லாத வண்டி 'ஆன்'-இல் இருக்கிறதா என்று காதால் தெரியாது. அப்புறம் ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றும்போது இன்னொரு கையைப் பெல்ட் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பெல்ட்டும் ஸ்ப்ராக்கெட்டும் சேரும் இடத்தில் விரல் போனால் மெதுவான சுற்றே போதும்.

மீதிக் கழற்றல் சாதாரணம். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைப் பின்வாங்கி, சக்கரத்தை முன்னே தள்ளியதும் பெல்ட் தானாகத் தொங்கியது. என் வண்டியில் பெல்ட், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு வெளியே ஓடுகிறது. உள்ளே ஓடும் வண்டி என்றால் முழு வளையமான பெல்ட்டை எடுக்க ஸ்விங் ஆர்மையே கழற்ற வேண்டும், அது வேறு அளவு வேலை. முன் ஸ்ப்ராக்கெட்டை உருவியபோது ஷாஃப்டின் வரிப்பற்களில் செம்மண் நிறத்தில் பொடி படிந்திருந்தது. ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டில் நுண்ணிய அளவில் அசைந்துகொண்டே இருந்தால் இந்தப் பொடி வரும். துடைத்துப் பார்த்தேன், ஷாஃப்டின் பற்கள் நன்றாகவே இருந்தன. பழைய லாக்கரைக் கம்பி பிரஷ் போட்டு மரையிலிருந்து முழுக்க எடுத்தேன்.

புது பெல்ட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே மரியாதை காட்ட வேண்டும். உள்ளே இருப்பது கார்பன் இழை. இழுத்தால் அசையாது, மடக்கினால் உடைந்துவிடும், உடைந்தது வெளியே தெரியாது. சுருட்டுவது, முறுக்குவது, உள்பக்கத்தை வெளியே புரட்டுவது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றுவது எதுவும் கூடாது. நான் செய்தது: பின் ஸ்ப்ராக்கெட்டில் பெல்ட்டைப் போட்டேன், முன் ஸ்ப்ராக்கெட்டைப் பெல்ட்டின் மறுமுனைக்குள் வைத்து, இரண்டையும் சேர்த்தே ஷாஃப்டில் தள்ளினேன். நெம்புகோலுக்கு வேலையே இல்லை. நடு போல்ட்டின் கடைசி இறுக்கத்தை, பெல்ட்டைச் சரியான இழுப்புக்குக் கொண்டுவந்த பிறகு, மறுபடி பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடித்தேன்.

நேரம் போனதெல்லாம் அந்த இழுப்பில்தான். பெல்ட்டின் நடுவில் சுமார் 4.5 கிலோ விசையில் அழுத்தி எத்தனை மி.மீ. தாழ்கிறது என்று பார்ப்பது ஒரு வழி. கீழ்ப்பக்கப் பெல்ட்டை விரலால் சுண்டி, போன் செயலியில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பார்ப்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது, ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதிர்வெண்ணில் 10 சதவீதம் தவறினால் இழுவிசையில் ஏறக்குறைய 20 சதவீதம் தவறிவிடும். 'கிட்டத்தட்ட சரி' என்று விட முடியாது.

இதோடு, எந்த ஸ்ப்ராக்கெட்டும் மிகச் சரியான வட்டமாக உட்காருவதில்லை. சக்கரத்தைக் கால் சுற்றாகத் திருப்பி ஒவ்வோர் இடத்திலும் சுண்டினால் எண் மாறும். மிக இறுக்கமான இடத்தை வைத்தே சரிசெய்ய வேண்டும். ஆக்சில் நட்டை இறுக்கும்போது அதுவே சக்கரத்தைக் கொஞ்சம் இழுத்துவிடுவதால், இறுக்கிய பின் மறுபடி அளக்க வேண்டும். வண்டி குளிர்ந்திருக்கும்போது அளப்பதும் காரணத்தோடுதான். கார்பன் இழை சூட்டுக்கு நீளாது, அலுமினிய ஸ்விங் ஆர்ம் நீளும், 600 மி.மீ. அலுமினியம் 20 டிகிரி சூடானால் கால் மி.மீ.க்குச் சற்று அதிகமாகவே நீளும். மத்தியான வெயிலில் நின்ற வண்டியில் பார்த்துச் சரிசெய்தால், அதிகாலைக் குளிரில் பெல்ட் தளர்ந்து நிற்கும்.

நேர்க்கோட்டுக்கு, ஸ்விங் ஆர்மில் பொறித்திருக்கும் கோடுகளை நான் நம்புவதில்லை. ஸ்விங் ஆர்ம் ஊன்றும் போல்ட்டின் மையத்திலிருந்து ஆக்சில் மையம் வரை இரு பக்கமும் அளந்து சமன்செய்தேன். பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பெல்ட் பின் ஸ்ப்ராக்கெட்டின் ஓரச் சுவரில் ஒட்டி உரசாமல் ஓட வேண்டும். முதலில் ஒரு பக்கம் ஒதுங்கியது. ஒரு பக்க அட்ஜஸ்டரைத் துளி திருப்பினேன், விலகிக்கொண்டது. அந்தத் துளியே இழுப்பையும் மாற்றும் என்பதால் மறுபடி சுண்டல், மறுபடி அளவு. பொறுமை இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் 'இருக்கட்டும்' என்று கூடுதலாக இறுக்கிவிடுவார்கள். வேகம் கூடக்கூட மேலேறும் ஒரு ஊளைச் சத்தமும், மோட்டார் பேரிங்கில் தேவையில்லாத சுமையும்தான் அதன் பலன்.

ஓட்டிப் பார்த்தபோது அழுத்தமாக முறுக்கியும் 'டக்' இல்லை. மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் ரீஜென் பிரேக்கையும் தனியாகச் சோதித்தேன். முறுக்கும்போது பெல்ட்டின் மேல்பக்கம் இழுபடும், ரீஜென்னில் கீழ்ப்பக்கம் இழுபடும். ஒன்றில் சரியாக இருந்து மற்றதில் தாண்ட வாய்ப்பு உண்டு. இரண்டிலும் அமைதி. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் புது பெல்ட் பல்லில் படிந்து கொஞ்சம் தளரும். எனக்கும் அதிர்வெண் இறங்கித்தான் இருந்தது. அட்ஜஸ்டர் இரண்டையும் ஒரே அளவு திருப்பிச் சரிசெய்தேன். இப்போது வண்டியைக் கழுவும்போதெல்லாம் கவரின் இடுக்கில் கல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கிறேன், சாவியை எடுத்த பிறகு.