கரிசல் காட்டில் பண்ணைக்குட்டைக்கு இடம் பார்க்கும் முறை

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் கரிசலில், மழைத்தண்ணீரைத் தேக்கிவைக்கும் பண்ணைக்குட்டைக்கு இடம் குறிக்க நாங்கள் செய்துவரும் முறை இது. பொக்லைன் வந்தால் சில நாளில் வேலை முடிந்துவிடும். இடம் பார்க்கத்தான் ஒரு மழைக்காலம் வேண்டும். அதற்குப் பொறுக்காமல் வெட்டிய குட்டைகள் ஐப்பசியிலேயே வறண்டு கிடப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

முதலில் கணக்கு. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் சுமார் 4,047 லிட்டர். பருவம் முழுக்க 400 மி.மீ. பெய்து, அதில் பத்தில் ஒரு பங்கு ஓடிவந்தால், 5 ஏக்கரிலிருந்து 8 லட்சம் லிட்டர் சேரும். மேலே 20 x 20 மீட்டர், அடியில் 14 x 14, ஆழம் 2 மீட்டர் உள்ள குட்டை கொள்வது 5.8 லட்சம் லிட்டர். ஆக, இந்த அளவுக் குட்டை நிரம்ப 5 ஏக்கரிலிருந்து ஓடிவரும் வரத்து போதும். பூ எடுக்கும் நேரத்தில் மழை ஏமாற்றினால், ஒரு ஏக்கர் உளுந்துக்கு 5 செ.மீ. உயிர்த்தண்ணீர் விட 2 லட்சம் லிட்டர் ஆகும்.

அடுத்து புலப்படம், அதாவது நிலத்தின் அளவை வரைபடம். அரசின் தமிழ்நிலம் இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்துப் பார்த்து, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்மாய்க்குப் போகும் வரத்துக்காலை மறித்துக் குட்டை வெட்டவே கூடாது. கீழே ஓர் ஊரே அந்தத் தண்ணீரை நம்பியிருக்கும். ஓடைக்குள் வெட்டினால் இரண்டு வெள்ளத்தில் வண்டல் மேவிவிடும். செயற்கைக்கோள் உயரத் தரவு பெரிய வடிநிலத்துக்கு உதவும். ஆனால் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்பது, அரையடி வாட்டம் முடிவு செய்கிற புஞ்சைக்குப் போதாது.

அதனால் மழையைத்தான் கேட்க வேண்டும். புரட்டாசியின் முதல் மழையை நம்பாதீர்கள். கை நுழையும் வெடிப்புகள் அவ்வளவையும் குடித்துவிடும். மண் ஊறி வெடிப்பு மூடியபின் 40 மி.மீ.க்கு மேல் ஒரு மழை பெய்தால், மறுநாள் காலையில் காட்டுக்குப் போங்கள். தட்டையும் சருகும் வரிசையாக ஒதுங்கியிருக்கும் கோடு, ஒரே பக்கமாகச் சாய்ந்த புல், பொழி (வரப்பு) ஓரத்தில் விசிறி போலப் படிந்த வண்டல், இவைதான் தண்ணீர் வந்த தடம். அங்கங்கே குச்சி ஊன்றித் துணி கட்டிவிட்டு, பிறகு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) வைத்து வாட்டம் பாருங்கள். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் அளவு பொய்யாகும்.

பெரும்பாலும் கண் போவது காட்டின் ஆகக் கடைசி மூலைக்குத்தான். அங்கே வெட்டினால் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் வேண்டும்; நிரம்பி வழிந்தால் பக்கத்துக் காட்டுப் பயிர் அழுகும். கடைசிப் பொழிக்குச் சற்று மேலே, வரத்துப் போதுமான இடமே எங்கள் தேர்வு.

இனி மண். குறித்த இடத்தில் மூன்று குழி, 2.5 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டினால் 3 மி.மீ. நூலாக முறியாமல் வர வேண்டும். வெள்ளை முண்டு முண்டாகச் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) தட்டினால் கவனம். நீர்த்த ஆசிட் இரண்டு சொட்டு விட்டால் நுரைக்கும். அந்த அடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து போய்விடும். சுக்கான் 1.5 மீட்டரில் வந்தால் அதற்கு மேலேயே நிறுத்தி, குட்டையை அகலப்படுத்துங்கள். ஆவியாகும் பரப்பு கூடும்தான். ஆனாலும் நாளுக்கு 5 மி.மீ. ஆவியாவதை விடக் கசிவு பல மடங்கு கேடு. குழியில் தண்ணீர் ஊற்றி இறங்குவதை அளப்பதானால், இரண்டு நாள் ஊறவிட்டபின் அளக்கவும். சிறு குழியில் பக்கவாட்டிலும் தண்ணீர் போகும் என்பதால், இடங்களை ஒப்பிடத்தான் அது உதவும்.

கரிசலில் கரை செங்குத்தாக நிற்காது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் சரிவு கொடுங்கள். பொக்லைன்காரர் வசதிக்கு நாலு பக்கமும் மண்ணைக் கொட்டுவார்; வரத்துப் பக்கம் விழுந்த மண் தண்ணீரையே மறித்துவிடும். பக்கத்தில் நின்று தாழ்ந்த பக்கம் மட்டும், விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். நுழைவாயில் முன்னால் ஒன்றரை மீட்டர் சதுரத்தில், ஒரு மீட்டர் ஆழத்தில் வண்டல் குழி. மிஞ்சிய தண்ணீர் வழியும் மறுகாலைக் கரைக்கு ஓரடி கீழே, கல் பாவி, தண்ணீர் வழக்கமாகப் போகும் ஓடைக்கே திருப்புங்கள். ஊறிய கரிசல் வழுக்கும். ஆடுகளும் பிள்ளைகளும் வரும் காடு என்பதால் முள்வேலி போட்ட பிறகே முதல் தண்ணீரை உள்ளே விடுங்கள்.