வலது பக்கத்து இதயம்: ஓர் ஐசியு நாட்குறிப்பு

மே 8, 2021, சனி

நாளை மறுநாள் முதல் கோவிட்டுக்காக முழு ஊரடங்கு என்று அறிவித்துவிட்டார்கள். எங்களுக்கு அதனால் உடனே எதுவும் மாறப்போவதில்லை. ஒரு கட்டில் காலியாவதற்குள் கீழே ஆம்புலன்ஸில் அடுத்தவர் காத்திருக்கிறார்.

மதியம் நான்காம் கட்டிலுக்கு ஓர் அம்மா வந்தார். வயது 52. மாஸ்க்கில் 15 லிட்டர் ஆக்சிஜன் ஓடியும் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 80 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஒரு வார்த்தை பேச ஒரு மூச்சு தேவைப்பட்டது. டியூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தோம்.

டியூப் போட்டதும் நான் கேட்பது இன்ச் டேப். தலையிலிருந்து குதிகால்வரை அளந்தால் 154 செ.மீ. எடை 84 கிலோ. உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருக்காது, அது உயரத்துக்குத் தகுந்த அளவில்தான் இருக்கும். இந்த உயரமுள்ள பெண்ணுக்குக் கணக்கு எடை 47 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. வீதம் ஒரு மூச்சுக்கு 282 மி.லி. காற்று. 84 கிலோவை வைத்துக் கணக்குப் போட்டால் 500-ஐத் தாண்டிவிடும். நுரையீரல் வீங்கி, நீர் கோத்து, திடீரெனச் செயலிழப்பதை ஆர்ட்ஸ் என்போம். அதைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஆர்ட்ஸ்நெட் ஆய்வு 2000-இல் வெளிவந்தது. கிலோவுக்கு 12 மி.லி. பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மி.லி. பெற்றவர்களில் 31 சதவீதம். ஒவ்வொரு வென்டிலேட்டரிலும் ஓர் இன்ச் டேப்பைக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

மே 9, ஞாயிறு, இரவு

நான்காம் கட்டில் அம்மாவின் பிபி இறங்கிக்கொண்டே வந்தது. மேல் அளவு 84. சாச்சுரேஷன் ஏறாததால் பகலில் பீப்பை, அதாவது மூச்சு வெளியேறிய பிறகும் வென்டிலேட்டர் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தத்தை, படிப்படியாக 14வரை ஏற்றியிருந்தார்கள்.

"அரை லிட்டர் சலைன் ஓட விடவா மேடம்?" என்று பிஜி மாணவர் கேட்டார். பிபி குறைந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்.

"எக்கோ பார்த்துட்டு முடிவு பண்ணலாம்பா."

எக்கோ என்பது இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது. காலை எக்கோ ரிப்போர்ட்டில் 'ஈஎஃப் 62%, நார்மல்' என்று இருந்தது. அந்த எண் சரியானதே. ஆனால் அது, ஒரு துடிப்பில் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறது. நோயாளியின் மகனுக்குப் போனில் "ஹார்ட் நல்லா இருக்கு" என்று சொன்னதும் அந்த எண்ணை வைத்துத்தான்.

ப்ரோபுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி ஜெல் தடவினேன். மார்பின்மேல் வைத்தால் காற்று நிறைந்த நுரையீரல் படத்தை மறைத்துவிடுகிறது. விலா எலும்புகளுக்குக் கீழே, மேல்வயிற்றில் ப்ரோபைப் படுக்கவைத்து இடது தோளைப் பார்த்து அழுத்தினேன். கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் திரையைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் படம் தெளிவாகக் கிடைத்தது.

வலது கீழறை இடதைவிடப் பெரிதாக இருந்தது. இடதில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய அளவில் இருக்க வேண்டியது. நடுச்சுவர் ஒவ்வொரு துடிப்பிலும் இடது பக்கமாகத் தள்ளப்பட்டது. குறுக்குவெட்டில் வட்டமாகத் தெரிய வேண்டிய இடது கீழறை, ஒரு பக்கம் தட்டையாகி ஆங்கில 'D' எழுத்தாக நின்றது. டாப்சி, அதாவது வலது கீழறை சுருங்கும்போது அதன் வால்வு விளிம்பு நகரும் தூரம், 12 மி.மீ. 17-க்குக் குறையக் கூடாது. உடம்பின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரை உப்பி அசையாமல் கிடந்தது.

இந்த இதயத்தில் இன்னும் தண்ணீர் சேர்த்தால் வலது பக்கம் மேலும் உப்பி இடது பக்கத்தை நசுக்கும். சலைன் வேண்டாம் என்றேன். பிபியைத் தூக்கும் மருந்தான நார்அட்ரினலினைக் கொஞ்சம் ஏற்றி, பீப்பை 14-லிருந்து 10-க்கு இறக்கினோம். பிளாட்டோ அழுத்தம், அதாவது மூச்சு உள்ளே போய் நிற்கும்போது நுரையீரலில் இருப்பது, 32-லிருந்து 24-க்கு வந்தது. பிளாட்டோவிலிருந்து பீப்பைக் கழித்தால் வரும் டிரைவிங் பிரஷர் 18-லிருந்து 14 ஆனது. சாச்சுரேஷன் குறையவே இல்லை! கூடுதல் பீப் மூடிய பகுதியைத் திறக்கவில்லை, ஏற்கெனவே திறந்திருந்த பகுதியைத்தான் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். முக்கால் மணி நேரத்தில் பிபி 104.

மே 10, திங்கள்

ரவுண்ட்ஸ் முடிந்து பிஜி மாணவர்களோடு இதைப் பற்றி நீண்ட நேரம் பேசினேன். அதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

இடது கீழறையின் சுவர் ஒரு சென்டிமீட்டர் கனம். வலதுக்கு அதில் பாதிகூட இல்லை. இடது கீழறை உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுகிறது. வலது கீழறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் தள்ளுகிறது, அங்கே சராசரி அழுத்தம் 15 அளவில்தான். சமதரையில் சைக்கிள் மிதித்தே பழகியவரை ஒரே நாளில் மலைப்பாதையில் ஏற்றிவிட்டால் என்ன ஆகுமோ, வைரஸ் நிமோனியா முற்றும்போது வலது கீழறைக்கு அதுதான் ஆகிறது.

மேடு ஏறுவதற்குக் காரணங்கள் பல. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து அமிலம் கூடினால் இன்னும் சுருங்கும். கோவிட்டில் நுண்குழாய்களுக்குள் ரத்தக் கட்டிகள் வேறு. இதற்கெல்லாம் மேலே, நாம் வென்டிலேட்டரால் கொடுக்கும் அழுத்தம் காற்றறைகளைச் சுற்றியுள்ள தந்துகிகளை நசுக்குகிறது. கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் நேராக நம் கையில் இருக்கிறது.

ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் குழாய்கள் இறுகுவதை ஸ்வீடனில் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் காட்டி 1946-இல் எழுதினார்கள். நரம்பு முனைகளில் சுரப்பது நார்அட்ரினலின் என்று அடையாளம் கண்டவரும் இதே ஆய்லர்தான். அதற்காக 1970-இல் நோபல் பரிசு பெற்றார். நான்காம் கட்டிலில் நோய் செய்வதையும் சிரிஞ்ச் பம்பில் ஓடுவதையும் ஒரே மனிதர் விளக்கியிருக்கிறார் என்று சொன்னபோது மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கும் சொல்லும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

பிரான்சில் வென்டிலேட்டரிலிருந்த 752 ஆர்ட்ஸ் நோயாளிகளுக்கு எக்கோ பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். 22 சதவீதம் பேருக்கு வலது இதயம் திணறிக்கொண்டிருந்தது. அதை முன்கூட்டிச் சொல்லும் நான்கு அறிகுறிகள்: நிமோனியாவால் வந்த ஆர்ட்ஸ், டிரைவிங் பிரஷர் 18 அல்லது அதற்கு மேல், ஆக்சிஜன் விகிதம் (ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கால் வகுத்தது) 150-க்குக் கீழ், கார்பன் டை ஆக்சைடு 48 அல்லது அதற்கு மேல். நேற்றிரவு அந்த அம்மாவுக்கு நான்கும் இருந்தன.

மே 11, செவ்வாய்

நேற்று மாலை அவரைக் குப்புறப் படுக்க வைத்தோம். தலைமாட்டில் டியூப்பைப் பிடித்தபடி நான், பக்கத்துக்கு இரண்டு பேர், லைன்களைப் பார்த்துக்கொள்ள ஒரு சிஸ்டர். 16 மணி நேரம். முகத்தடியில் ஜெல் தலையணை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தலையைத் திருப்புவது, கண்ணுக்குக் களிம்பு, எல்லாம் சிஸ்டர்களின் பொறுப்பு. இந்த வேலையின் பெரும்பகுதி அவர்களுடையதுதான். டாக்டர் பெயரே வெளியே தெரிகிறது என்பது எனக்கு உறுத்தல்.

2013-இல் வந்த புரோசீவா ஆய்வில், குப்புறப் படுக்க வைத்தவர்களில் 28 நாட்களில் இறந்தவர்கள் 16 சதவீதம், மற்றவர்களில் 32.8. முதுகுப் பக்கம் அமுங்கிக் கிடந்த நுரையீரல் திறப்பதால் ஆக்சிஜன் ஏறுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அழுத்தத்தைக் கூட்டாமலேயே அது திறப்பதால் வலது இதயத்தின் சுமையும் இறங்குகிறது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

இன்று காலை திருப்பிப் போட்டு எக்கோ பார்த்தேன். நடுச்சுவர் கிட்டத்தட்ட நேராகிவிட்டது. கார்பன் டை ஆக்சைடு 62-லிருந்து 51. நார்அட்ரினலின் பாதியாகிவிட்டது.

மே 15, சனி

ஒன்பதாம் கட்டிலில் ஆட்டோ ஓட்டுநர், வயது 44. நேற்றுவரை தேறிக்கொண்டிருந்தார். விடிகாலையில் திடீரென்று பிபி விழுந்தது. வலது கீழறை ஊதிப்போயிருந்தது. அல்ட்ராசவுண்டில் இடது தொடைச் சிரையை அழுத்திப் பார்த்தால் அமுங்கவில்லை, உள்ளே ரத்தக் கட்டி. அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்க வேண்டும். சிடி எடுக்கக் கீழே கொண்டுபோகும் நிலையில் இல்லை. கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தோம். எக்மோ (உடம்புக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் இயந்திரம்) உள்ள இடங்களுக்கெல்லாம் போன் செய்தோம், எங்கும் காலி இல்லை. மதியம் இதயம் நின்றது, திரும்பவில்லை.

அவர் மனைவி போனில் கேட்டது, "நேத்து நல்லா இருக்காருன்னுதானே மேடம் சொன்னீங்க?" ஆமாம், நேற்று நன்றாகத்தான் இருந்தார். அதை எப்படி விளக்குவது? காலில் கட்டி, நுரையீரல், இதயம் என்று நான் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா என்றே தெரியவில்லை.

மே 21, வெள்ளி

மாநிலத்தில் இன்று ஒரு நாள் தொற்று எண்ணிக்கை 36,000-ஐத் தாண்டிவிட்டது. எழுத நேரமில்லை. நான்காம் கட்டில் அம்மாவுக்குக் கழுத்தில் துளையிட்டு ட்ரக்கி போட்டாயிற்று. நார்அட்ரினலின் முழுக்க நின்றுவிட்டது.

ஜூன் 3, வியாழன்

வார்டில் கூட்டம் குறைகிறது. மூச்சு விட முடிகிறது, எங்களுக்கும்.

ஐசியு சார்ட்டில் ஒரு புது வரி சேர்த்திருக்கிறேன்: 'வலது கீழறை: அளவு, நடுச்சுவர், டாப்சி.' தினமும் ஒருமுறை நிரப்ப வேண்டும், அதோடு வென்டிலேட்டரில் பெரிய மாற்றம் செய்யும்போதெல்லாம். "கார்டியாலஜிக்காரங்க பார்க்க வேண்டியதில்லையா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். முழு எக்கோ அவர்கள் பார்க்கட்டும். பெரிதா, தட்டையா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட நாமே பழகிக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்குப் பீப்பை ஏற்றுகிறவர் யாரோ அவருக்குத்தான் அந்த விடை வேண்டும்.

ஜூன் 9, புதன்

நான்காம் கட்டில் அம்மா இன்று வார்டுக்குப் போனார். டாப்சி 18, 'D' வடிவம் இல்லை. ட்ரக்கியின் துளையைப் பொத்திக்கொண்டு "காபி" என்று கேட்டார். விழுங்கும் பயிற்சி முடியாமல் தர முடியாது என்று சிஸ்டர் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

மகன் வெளியே நின்றிருந்தார். "அம்மா ஹார்ட்டுக்கு ஏதும் பிரச்சினையா மேடம்?"

"இருந்துச்சு தம்பி, இப்ப சரியாயிட்டு வருது. மூணு மாசம் கழிச்சு ஒரு எக்கோ எடுக்கணும். எடுக்கும்போது வலது பக்கத்தையும் பார்த்து எழுதச் சொல்லுங்க." டிஸ்சார்ஜ் நோட்டில் சேர்ப்பதற்காக அதையே கேஸ் ஷீட்டிலும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு வந்தேன்.