ராட்டினத்துக்கு முன்னால் அறையைப் பார்த்தோம்

எங்கள் மகனுக்கு எட்டு வயது. அவனுக்கு ஆட்டிசம் இருப்பது மூன்று வயதில் உறுதியானது. அரசு ஆவணங்களில் இதற்குப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று ஒரு பெயர் வழங்குகிறது. அந்தப் பெயரோடு எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் நான்கு வீடு தள்ளி யாராவது மிக்ஸியைப் போட்டால், எனக்குக் கேட்பதற்கு முன்பே அவன் காதைப் பொத்திக்கொள்வான். புற உலகம் அவனுக்குள் அளவுக்கு மீறி நுழைந்துவிடுகிறது என்றுதான் நான் புரிந்துவைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளையைப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வானேன் என்று என் அத்தை கேட்டார். அவனுக்குச் சுற்றும் பொருள்கள் உயிர். மின்விசிறியையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ராட்டினத்தைக் காட்டாமல் இருக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

முதல் முயற்சி சென்ற ஆண்டு மே மாதத்தில், சென்னையில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியை இணையத்தில் பார்த்து, நட்சத்திர மதிப்பீட்டையும் நீச்சல் குளத்தின் படத்தையும் நம்பி முன்பதிவு செய்தோம். ‘அமைதியான அறை வேண்டும்’ என்று குறிப்புப் பெட்டியில் எழுதியும் வைத்தோம். அந்தக் குறிப்பை அங்கே யாரும் படித்திருக்கவில்லை என்பது இரவு எட்டு மணிக்கு, எங்கள் அறைக்கு நேர் கீழே இருந்த மண்டபத்தில் திருமண வரவேற்பு தொடங்கி, ஒலிபெருக்கியின் அதிர்வு கட்டிலின் கால் வழியாக ஏறியபோது தெரிந்தது. மகன் குளியலறைக்குள் ஓடி, கை கழுவும் தொட்டிக்கு அடியில் புகுந்துகொண்டு சுவரில் தலையை மோதத் தொடங்கினான். வேறு அறை கேட்டோம். எல்லா அறைகளிலும் கல்யாண வீட்டார் தங்கியிருக்கிறார்கள் என்றார்கள். நள்ளிரவில் காரை எடுத்தோம். ஸ்ரீபெரும்புதூரைக் கடந்த பிறகுதான் அவன் தூங்கினான். வாலாஜா சுங்கச்சாவடியில் நின்றபோது, பூங்காவின் வாசலைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறோம் என்பது எங்கள் இருவருக்கும் உறைத்தது.

அவனுக்கு அன்றாடச் செயல்களில் பயிற்சி அளிக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மேடத்திடம் இதைச் சொன்னபோது, அவர் பூங்காவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “பூங்காவில் தாங்க முடியாமல் போனால், எத்தனை நிமிடத்தில் அவனை இருட்டும் அமைதியும் உள்ள ஓர் இடத்துக்குக் கொண்டுவர முடியும்?” என்று மட்டும் கேட்டார். அடுத்த பயணத்தின் திட்டம் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

இம்முறை பெங்களூருவை அடுத்த பிடதியில் உள்ள வொண்டர்லா பூங்கா என்று முடிவு செய்தோம். வேலூர் வெயிலிலிருந்து விலகி இருக்கலாம் என்பது ஒரு காரணம். பூங்காவையொட்டியே தங்கும் இடங்கள் இருப்பது பெரிய காரணம். கோடை விடுமுறையைத் தவிர்த்து, பள்ளிகள் திறந்து கூட்டம் வடிந்திருக்கும் ஜூலை மாதத்துச் செவ்வாய், புதன், வியாழனைத் தேர்ந்தெடுத்தோம். அவன் பள்ளிக்கு மூன்று நாள் விடுப்பு எடுத்தது பற்றி எனக்கு எந்தக் குற்ற உணர்வும் இல்லை.

பூங்கா வளாகத்துக்குள்ளேயே அதன் சொந்த விடுதி உண்டு. நடந்தே அறைக்குத் திரும்பிவிடலாம் என்பதால் முதலில் அதைத்தான் நினைத்தோம். எங்கள் கைக்கு அதன் கட்டணம் சற்று அதிகமாக இருந்தது. என் கணவர், நகருக்குள் சமையலறையோடு கூடிய சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுக்கலாம் என்றார். மகன் இட்லியும் தயிர்சாதமும் தவிர வேறெதையும் தொடமாட்டான் என்பதால் சமையலறை பெரிய வசதிதான். ஆனால் மைசூரு சாலை நெரிசலில் அரற்றும் பிள்ளையை ஒரு மணி நேரம் காரில் வைத்திருப்பதை நினைத்தபோது அந்த யோசனையை நாங்களே கைவிட்டோம். சாப்பாட்டை எப்படியும் சமாளிக்கலாம், தொலைவைச் சமாளிக்க முடியாது. இறுதியில் பூங்காவிலிருந்து காரில் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடக்கூடிய மூன்று விடுதிகளைக் குறித்துக்கொண்டு, முன்பதிவுத் தளங்களை ஒதுக்கிவிட்டு, நேரடியாகத் தொலைபேசியில் பேசினேன்.

என்ன கேட்க வேண்டும் என்பதைச் சென்னை இரவு கற்றுக்கொடுத்திருந்தது. விருந்து மண்டபம் எங்கே இருக்கிறது, அந்த நாள்களில் ஏதாவது நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறதா, ஜெனரேட்டர் எந்தப் பக்கம், லிஃப்டுக்கு எத்தனை அறை தள்ளிக் கொடுப்பீர்கள், பக்கத்து அறைக்குப் போகும் இடைக்கதவு இருக்கிறதா என்று கேட்டேன். குளியலறையில் விளக்குக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் தனித்தனி சுவிட்சா என்று கேட்டபோது ஒரு விடுதியில் சிரித்தார்கள். விளக்கைப் போட்டதும் ஃபேனும் சேர்ந்து இரைந்தால் என் மகன் அந்தக் குளியலறைக்குள் கால் வைக்கமாட்டான். இரண்டு நாள் சிறுநீரை அடக்குவான். சிரித்த விடுதியைப் பட்டியலிலிருந்து நீக்கினேன்.

கதவைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். சொல்லாமல் கொள்ளாமல் வெளியே நழுவிவிடும் பழக்கம் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு உண்டு. தண்ணீரைக் கண்டால் அதை நோக்கி நேராகப் போவார்கள். இப்படிக் காணாமல் போகும் பிள்ளைகளின் உயிரிழப்புக்கு நீரில் மூழ்குவதே முதன்மையான காரணம் என்று அமெரிக்கத் தரவுகள் சொல்கின்றன. ஆகவே நீச்சல் குளத்தைப் பார்த்தபடி புல்தரைக்குத் திறக்கும் தரைத்தள அறை, விளம்பரத்தில் எத்தனை அழகாக இருந்தாலும், எங்களுக்கு ஆகாது. மேல் தளத்தில் பால்கனி இருந்தால் அதன் கதவில் மகனுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும். மூன்றாவதாகப் பேசிய விடுதியின் வரவேற்பாளர் ஓசூர்க்காரர். தமிழில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேடம், நான் வீடியோ எடுத்தே அனுப்பிடறேன்” என்றார். அரை மணி நேரத்தில் 207ஆம் எண் அறையின் காணொளி வாட்ஸ்அப்பில் வந்தது. தாழ்ப்பாள், சுவிட்சு, ஜன்னல், குளியலறை எல்லாம் அதில் இருந்தன. ஏசி ‘பீப்’ என்று ஒலிப்பதுகூடக் கேட்டது. அதே இடத்தில் பணத்தைக் கட்டினேன்.

அந்தக் காணொளியை மகன் பதினைந்து நாளில் எத்தனை முறை பார்த்தான் என்று எண்ண முடியாது. அதிலிருந்து படங்களை எடுத்து, கார், அறை, கட்டில், இட்லி, ராட்டினம், மறுபடி அறை என்ற வரிசையில் ஒட்டி ஒரு சிறு படக்கதை செய்து கொடுத்தேன். ஆதார் நகல்களை முன்கூட்டியே அனுப்பிவிட்டதால் வரவேற்பறையில் காத்திருக்கும் வேலை இருக்காது என்றும் உறுதி வாங்கியிருந்தேன்.

காட்பாடியிலிருந்து ரயில் இருந்தும், நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்பதால் காரிலேயே கிளம்பினோம். ஆம்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மூன்று இடங்களில் நின்று, பெங்களூருவைச் சுற்றிப் போகும் நைஸ் சாலை வழியாக மைசூரு சாலையைப் பிடித்து, மாலை மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு சறுக்கல் நடந்தது. 207ஐ வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு எங்களுக்கு 208ஐ ஒதுக்கியிருந்தார்கள். அதே அளவு, அதே கட்டில், அதே திரைச்சீலை. ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் இடவலம் மாறியிருந்தது. வாசலில் நின்ற மகன் குளியலறை இருக்க வேண்டிய சுவரைக் கையால் தடவினான். கதவு அங்கே இல்லை. தரையில் உட்கார்ந்து அவன் அலறிய அலறலில் பக்கத்து அறைக் கதவுகள் திறந்தன. ஓசூர்க்காரர் ஓடிவந்தார், 207இல் இருந்தவர்கள் நிலைமையைப் பார்த்துவிட்டுத் தாங்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு மாறினார்கள். அவர்களிடம் சரியாக நன்றி சொல்லவும் எனக்கு அப்போது வாய் வரவில்லை.

பிறகு என் கணவர் மட்டும் முதலில் உள்ளே போய், சாவி அட்டையைச் செருகியதும் எரியும் விளக்குகளையெல்லாம் அணைத்து, நறுமணத் தெளிப்பானை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, வீட்டிலிருந்து கொண்டுபோன போர்வையைக் கட்டிலில் விரித்த பின்பே அவனை அழைத்துப் போனோம். திறந்தால் ஒலி எழுப்பும் காந்த அலாரம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தோம், அதைக் கதவில் ஒட்டினோம். அன்று பூங்காவுக்குப் போகவே இல்லை. அறைக்குப் பழகுவதற்காகவே அந்த நாளை ஒதுக்கியிருந்தோம்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பூங்கா திறந்ததும் முதல் ஆள்களாக நுழைந்தோம். பெரிய ராட்டினங்களில் ஏறவில்லை. சுற்றுபவற்றை நின்று பார்த்தான், சிறியவற்றில் சுற்றினான், சிரித்தான். ஒன்றேகால் மணிக்குக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் சீறியதும் எல்லாம் கலைந்தது. பதினான்கு நிமிடத்தில் 207இல் இருந்தோம். திரைச்சீலையை மூடி, தயிர்சாதம் கொடுத்ததும் தூங்கிவிட்டான். நான்கு மணிக்கு எழுந்து, படக்கதையில் ராட்டினப் படத்தின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தான். அன்றே இரண்டாம் முறையாகப் பூங்காவுக்குப் போனோம்.

அந்த விடுதியின் துண்டுகள் கஞ்சி போட்டதுபோல் விறைப்பாக இருந்ததால் இரண்டு நாளும் அவன் ஈரத்தோடுதான் சட்டை போட்டுக்கொண்டான். ஜனவரியில் பொங்கல் கூட்டம் கலைந்ததும் மறுபடி போவதாக இருக்கிறோம். 207ஐ அறை எண்ணோடு மின்னஞ்சலில் எழுதி வாங்கியாயிற்று, துண்டை வீட்டிலிருந்து எடுத்துப்போக வேண்டும்.